பூட்டிய கொட்டகையில் பூத்த காளான்

கே.ஜி.கண்டிகையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, வேகவைத்த வைக்கோலைப் பைகளில் அடைத்துச் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். வைக்கோல் வேகும் நாற்றத்துக்காகப் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்தியிருந்தார்.

காளான் மொட்டு விடும் சமயத்தில் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. கொட்டகையைப் பூட்டிவிட்டு அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தினமும் தண்ணீர் தெளிக்காவிட்டால் மொட்டெல்லாம் கருகிவிடும். அதை நினைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

நாலைந்து நாள் கழித்து அவரை அழைத்து வந்து படுக்கவைத்தேன். காய்ந்த பைகளைத் தூக்கிப் போடலாம் என்று கொட்டகையைத் திறந்தால், வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாகக் காளான் பூத்திருந்தது. தரையெல்லாம் ஈரம்.

சத்தம் கேட்டு நூர்ஜஹான் கையில் தெளிப்பானோடு கொட்டகை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"நீங்க பூட்டிகினு போய்ட்டீங்க. அதான் ஜன்னல் வழியா தெளிச்சுகினு இருந்தேன்."

"உங்களுக்குத்தான் இந்த நாத்தமே ஆவாதே?"

"ஆங், ஆவாதுதான். அதுக்காகக் காய உட்ருவாங்களா? அண்ணனுக்கு எப்படி இருக்குது?"

ஆஸ்பத்திரியில் அழாத நான் அங்கே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இன்றும் வைக்கோல் வேகும்போது அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவார். எவ்வளவு அசதியாக இருந்தாலும், அந்தக் குரல் கேட்டால் நான் தனியாக இல்லை என்று தோன்றுகிறது.