சடைக் கிடாய்க்கு முடிவெட்டு

இறைச்சியும் கம்பளியும் ஒரே ஆட்டிலிருந்து எடுக்கலாமே என்ற யோசனை, போன கிழமை மண்முனைப் படகுத் துறையில் ஒரு மனிதரின் செம்மறிக் கிடாயைக் கண்ட கணத்தில்தான் எனக்குள் துள்ளியது. வெயில் மழை எதற்கும் அசையாத கிடாய், உடம்பெல்லாம் சடை. மெலிந்து கறுத்த அவர், எதற்கும் பதில் சொல்லுமுன் அதன் நெற்றியைச் சொறிவார். வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலையில் அவருடைய பெட்டை ஆடுகள் கிடாய் இல்லாமல் நின்றன. இந்தக் கிடாயை எப்படியும் அங்கே கொண்டுபோக வேண்டும்.

துறையடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சடைக்குள் விரலை விட்டான்.

“உள்ளுக்கு என்ன?”

அவர் கிடாயின் நெற்றியைச் சொறிந்தார். “உள்ளுக்கு ஆடுதான் சேர்.”

வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான், ஆனாலும் சடையோடு விடமாட்டேன் என்றான்.

நான் சலூனுக்கு ஓடிக் கத்தரிக்கோல் வாங்கிவந்து வெட்டத் தொடங்கினேன்.

“மெல்ல வெட்டு மனே, கலியாணத்துக்குப் போற மாப்பிள்ளை!” என்றார் அவர்.

பாதியாய்ச் சிறுத்த கிடாயை ஆமிக்காரன் போகவிட்டான். அவர் கம்பளியை என்னிடமே தந்துவிட்டு, படகில் நின்று தன் மொட்டைத் தலையைத் துடைத்தபடி கேட்டார்: “இந்த வெக்கைக்குக் கம்பளி ஆருக்கு?”

“உங்கட தலைக்குத்தான் மாமா, தொப்பி!”

அவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

கம்பளி கழுவி வேலியில் காய்கிறது. நாளைக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லை ராட்டைபோலச் சுழற்றி நூல் திரித்துப் பார்க்கப் போகிறேன்.