என் பெயர் ஒட்டிய பெட்டி

நிசார் பாய் மவுத் ஆகிவிட்டார் என்ற செய்தி, ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் நாம் சேர்ந்து வேலை பார்த்த நாட்களின் இந்த வாட்ஸ்அப் குழுவில், காலை டீ நேரத்தில் வந்தது. வரிசையாகக் கும்பிடு பொம்மைகள். நம் பழைய மேனேஜர் மட்டும் "எந்த நிசார்?" என்று கேட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது போடாத பதிலை இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

ஷூவின் மேல்பாகம் தைக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் மெஷின் உங்களுக்கு நினைவிருக்கும். டிசைன்களை ஃப்ளாப்பியிலிருந்துதான் படிக்கும். டிரைவ் செத்ததும் மெஷினைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னார்கள். ஓட வைத்தால், காண்ட்ராக்டில் இருந்த நிசாரை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னார். அவரும் நம்பினார்.

தீப்பெட்டி அளவு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஒன்றை டிரைவ் மாதிரி நடிக்க வைக்கப் பார்த்தார். டிசைன்களை மெமரி கார்டில் ஏற்றினார். இல்லாத ஃப்ளாப்பி நொடிக்கு ஐந்து முறை சுற்றுவதாகப் போர்டு மெஷினிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. அப்படியும் மூன்று வாரம் மெஷின் மசியவில்லை. ஒரு மதியம் சோற்றுக் கையோடு ஓடி வந்தார்.

"ஆன் பண்ணதும் மெஷின், ஃப்ளாப்பி படிக்கிற ஹெட்டை ஆரம்பத்துக்கு இழுக்குது சார். இழுத்துட்டு, வந்துட்டேன்னு டிரைவ் சொல்ற பதிலுக்கு நிக்குது. நாம சொல்லவேயில்ல. அது இன்னா பண்ணும், பேஜாராய்டுச்சு."

அந்த ஒரு பதிலைச் சேர்த்தார். மெஷின் தைத்தது.

பார்க்க முதலாளி வந்தார். நம்ம இன்ஜினியர் செய்தது என்று மேனேஜர் என்னைக் காட்டினார். ஸ்க்ரூ டிரைவரோடு பக்கத்தில் நின்றிருந்த நிசார் என் முகத்தைப் பார்த்தார். நான் இளித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம், அந்தப் போர்டை வைத்திருந்த பெட்டிமேல் என் பெயரில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நிசாரின் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

கடைசி நாள் கேட்டருகே அவர் சண்டை போடவில்லை.

"அன்னிக்கு நானும் பதிலுக்குத்தான் நின்னேன் சார்" என்றார்.

பிறகு காட்பாடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்தார். அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் நான் ஸ்டேஷனுக்குப் போவேன். அவரை அடக்கம் செய்த அன்று ஜனாஸாவுக்குப் போனபோதும் தெருமுனையோடு நின்றுவிட்டேன்.

பெட்டி இங்கே தொழிற்சாலையில் இன்னும் ஓடுகிறது. இன்று ஸ்டிக்கரைச் சுரண்டினேன், பாதிதான் வந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது கேட்டருகே சொன்ன அந்த ஒரு வரிதான். எந்த நிசார் என்று கேட்டீர்களே மேனேஜர் சார், அந்தப் பெட்டியைச் செய்த நிசார். நான் செய்யவில்லை.