வால்டர் அங்கிள் தடவிய யன்னல்கள்

செய்தி லிஃப்ற்றில் வந்தது. "பிள்ளை, உங்கட எதிர்வீட்டு வால்டர் அங்கிள் காலமை ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டாராம்" என்றார் கீழ்மாடி அன்ரி. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அக்கா, உந்தக் கதையை இப்ப எடுக்காதேங்கோ. நாளைக்குக் கலியாணத்துக்குக் கொழும்புக்கு ஏறப்போறம்."

கலியாணத்துக்குப் பயணம் வைத்தவர்கள் செத்தவீட்டுக்குப் போவதில்லை. அவரைப் பார்வைக்கு வைக்கும்போது நான் வானத்தில் இருப்பேன். ஊருக்குப் போய்ச் சேரும்வரை அவர் பெயரையே எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால்தான் எல்லோரும் படுத்தபின் இதை எழுதுகிறேன். விமானம் என்றால் எனக்குப் பயம்.

கனடாவில், டோர்செட் பார்க்கில் உள்ள எங்கள் கட்டடத்தில் ஒருநாள் லிஃப்ற் இரண்டு மாடிகளுக்கிடையே நின்றுவிட்டது. நான் அழுதேன். உள்ளே இருந்த உயரமான வெள்ளைக்காரத் தாத்தா, கதவின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "வெடிப்பு" என்றார். அவர்தான் வால்டர் அங்கிள்.

இளவயதில் அவர் கனடிய விமானப்படையில் கொமெற் என்ற ஜெட் விமானத்தில் பயணிகளைக் கவனித்தவர். அப்போது ஜெட்டில் ஆட்களை ஏற்றுவதே புதிது. அதே வகை விமானங்கள் வேறிடங்களில், யன்னல் மூலைகளில் வெடிப்பு விட்டு, நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. படையின் விமானங்களை நிறுத்தி, உடலைப் பலப்படுத்தி, மீண்டும் பறக்கவிட்டார்கள். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் அங்கிள் யன்னல் மூலைகளைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பாராம்.

"ஏதாவது வெடிப்பைக் கண்டீர்களா?"

"விரலுக்குத் தெரிகிற வெடிப்பென்றால் நாங்கள் எப்போதோ கடலில். என் கை நடுங்கியது. அதை ஒருவரும் காணக்கூடாதென்றுதான் தடவினேன்."

ரிக்கற் போட்ட அன்று அப்பா என்னைப் பகிடி பண்ணினார். "நாங்கள் சண்டைக்காலத்தில செல்லடிக்குள்ளால வந்தனாங்கள். நீ பிளேனுக்குப் பயப்பிடுறாய்!" அங்கிளிடம் போய் முறையிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "செல் விழும்போது அவருடைய கைகள் என்ன செய்தன என்று கேள்" என்றார்.

கேட்டேன். அப்பா, "உன்ர அக்கான்ர காதைப் பொத்திக்கொண்டு இருந்தனான்" என்றார். அதன்பின் அவர் பகிடி பண்ணவில்லை.

நாங்கள் வெளிக்கிடும்போது பல்கனியில் நின்று கையசைப்பதாக அங்கிள் சொல்லியிருந்தார்.

சற்றுமுன் மெதுவாக வெளியே போனேன். அவர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. நிலையின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் தடவினேன். வெடிப்பு எதுவும் இல்லை. கை நடுங்கியது. அங்கே ஒருவரும் இல்லாதபடியால் மறைக்கவில்லை.

நாளைக்கு எனக்கு யன்னலோர இருக்கை. என் பெருவிரல் எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

போயிட்டு வாறன், அங்கிள்.