ஸ்கொட்லாந்துக்காரரின் முழங்கால்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யும் கிளினிக்குக்கு, போன வசந்தத்தில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் வந்தார். தொழில்முறை உதைபந்தாட்டக்காரர், பின்கள வீரர். மீசை அரும்புமுன்னே ஆடத் தொடங்கி, ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தவர். கடைசி ஒப்பந்தம் அவரை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தது. இங்கே முதல் பருவத்திலேயே வலது முழங்காலுக்குள் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கதிரைகள் காலியாகக் கிடக்க, ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டேயிருப்பார்.

"பிள்ளை, உவரைக் கெதியா உள்ளுக்குக் கூப்பிடும். பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்பார் வரவேற்பில் இருக்கும் அன்ரி.

அப்போது எனக்கும் நிம்மதி இல்லை. நானும் கணவரும் தொலைவிலுள்ள அஜக்ஸுக்கு வீடு மாறியிருந்தோம். காலையும் மாலையும் 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து, இந்த வேலையை விடுவதா என்று மனது அலைந்துகொண்டிருந்தது.

ஓகஸ்டில் வந்து ஆடிக் காட்டும்படி ஸ்கொட்லாந்தில் ஒரு சிறிய கழகம் அவரை அழைத்திருந்தது. "கால் தாங்குமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நேராக ஓடலாம், சட்டென்று திரும்பினால் தாங்காது என்று நானும் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

"திரும்புவதுதான் என் வேலையே" என்றார் ஒருநாள். "பந்தோடு வருகிறவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியும். எனக்குத் தெரியாது. அவன் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும்."

ஜூலையில் ஒரு பந்தோடு வந்தார். என்னைப் பின்புறக் கார்த் தரிப்பிடத்துக்கு அழைத்துப் போய், "என்னைக் கடந்து போ பார்ப்போம்" என்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் பந்தைத் தொட்டதில்லை. அவருடைய இடப்பக்கமாகத் தட்டிவிட்டு ஓடினேன். அவர் திரும்பினார். முழங்கால் மடிந்தது. நின்றிருந்த வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, என்ன செய்யிறியள் ரெண்டு பேரும்?" என்று அன்ரி கதவடியில் நின்று கத்தினார்.

"எனக்கு விட்டுத் தந்தீர்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"இல்லை" என்றார். முகம் வெளுத்திருந்தது.

ஆனாலும் போனார். அங்கே நடந்ததைப் பிறகு தொலைபேசியில் சொன்னார். முதல் பாதியில் ஒரு இளம் முன்கள வீரன் திரும்பத் திரும்ப அவரைக் கடந்து போயிருக்கிறான். இடைவேளையில், "வேறு ஒருவரை இறக்குங்கள்" என்று பயிற்சியாளரிடம் அவரே சொல்லிவிட்டார். அத்தோடு அவருடைய ஆட்டம் முடிந்தது.

"இனி ஆட்டமில்லாத சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியவில்லை" என்றார்.

கணவரிடம் சொன்னேன். "இங்க வந்தால் வீட்டை வரச் சொல்லும். வந்து சாப்பிடட்டும்" என்றார்.

இங்கிருந்த ஃபிளாட்டைக் காலி செய்ய வந்தபோது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தார். இடியப்பமும் சொதியும் வைத்தேன். ஊரில் தமையனோடு சேர்ந்து ஜன்னல் பொருத்தும் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

"அங்கே மைதானத்தில் போல என்னைப் பார்த்து யாரும் கூச்சல் போட மாட்டார்கள்" என்று சிரித்தார். சாப்பாட்டுக் கோப்பையில் பாதி இடியப்பம் அப்படியே கிடந்தது.