குற்றாலத் தண்ணீரும் தாண்டாமல் போன எலக்ட்ரானும்

குற்றாலத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்கிறீர்கள். ஆடியில் போங்கள். நான் முதலில் போனதும் ஓர் ஆடியில்தான், அறுபதுகளின் கடைசியில். சுற்றிப்பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சித்தம் கலங்கியிருந்தது. அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் தெளியும் என்று ஊரே சொன்னது.

அவர் கல்லூரியில் பௌதிகம் நடத்தியவர். பலமான லேசர் ஒளியில் அணு எப்படி எலக்ட்ரானை இழக்கிறது என்று மூன்று வருடம் கணக்குப் போட்டார். நான் தோசை வார்க்கும்போது பின்னால் நின்று விளக்குவார்.

"ஏட்டி கோமு, வேகமா அலையுத ஒளின்னா எலக்ட்ரான் கொஞ்சங்கொஞ்சமா சக்தி வாங்கி, அணுவோட கட்டுங்கிற சுவரைத் தாண்டும். அலைநீளம் கூடின, மெதுவா அலையுத ஒளி பலமா இருந்துச்சுன்னா சுவரே ஒரு பக்கம் சரிஞ்சு மெலிஞ்சிரும். தாண்டாமலே ஊடுருவி வெளிய போயிருது."

"போனது திரும்பி வருமா?"

"அலை திசை மாறும்லா, அப்போ திருப்பித் தள்ளும். வருமா வராதான்னு இனிமேதான் பாக்கணும்."

அதைப் பார்க்கவில்லை. அதே கணக்கை வெளிநாட்டில் ஒருவர் முன்னமே போட்டு முடித்துவிட்டார் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் கத்தவில்லை, அழவில்லை. பேச்சைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து, ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்தே, என் கண் முன்னால் போனார்.

திருநெல்வேலியில் காலை ரயில் ஏறினால் நாற்பத்தைந்து மைல், இரண்டரை மணி நேரத்தில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல், குதிரை வண்டிக்கு ஒரு ரூபாய். வழியெல்லாம் சாரல். வண்டிக்காரர் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாதீய தாயி. சங்கிலி போட்டுக் கூட்டியாந்தவனெல்லாம் இங்கன குளிச்சிட்டுத் தன்னால நடந்து போயிருக்கான்."

நம்பினேன். வேறு என்ன செய்வது?

பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். எண்ணெய் தேய்ப்பவர் அவர் உச்சந்தலையில் எண்ணெயை வைத்து அறைந்து தேய்த்து, தண்ணீருக்குள் இழுத்துப் போனார். நான் இந்தப் பக்கம் ஈரப்பாறையில் நின்றேன். வெள்ளைத் தண்ணீருக்குள் அவர் தலை தெரியும், மறையும். மூச்சு முட்டுமே என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

வெளியே வந்தவர் உதடு நடுங்க, "குளிருது" என்றார்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. அங்கேயே நின்று அழுதேன். எண்ணெய்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டியில் ஏறியதும் இன்னும் பேசினார். குதிரைக்கு என்ன வயசு என்று கேட்டார். மழை செங்கோட்டைப் பக்கம் இன்னும் பலமாக இருக்குமே என்றார். வண்டிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாந்தான் சொன்னேம்லா?"

தென்காசி நெருங்கும்போது என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். தெளிந்த முகம், நல்ல மரியாதை.

"நீங்க மட்டும் தனியாவா வந்தீய? உங்க வீட்டுக்காரர் வரலியா?"

வண்டிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இன்னும் வரல" என்றேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மாற்றுத் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பாறை வழுக்கும், குளித்ததும் கொலைப்பசி எடுக்கும். உடம்பு வலிக்கு அந்தத் தண்ணீர் நல்லது. போன ஆளைத் திருப்பிக் கொண்டுவரும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இது தெரிந்த பிறகும், அவர் இருந்த வரைக்கும், ஒவ்வோர் ஆடியிலும் நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.