அடைக்கோழிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை

நாங்கள் விருத்தாசலத்துக்குக் குடிவந்தது அறுபதுகளின் கடைசியில். ஊருக்கு வெளியே இருந்த ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில் என் கணவருக்கு வேலை. பொம்மைகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் சூளையில் அடுக்குவதற்கு முன்னால், பளபளப்பு வருவதற்காக கிளேஸ் என்ற பால் போன்ற குழம்பில் முக்கி எடுப்பார்கள். அதைக் கரைப்பதும் முக்குவதும் அவர் வேலை. என் வேலை வீடும் கோழியும். பெண்ணாடத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஒரு பெட்டையும் சேவலும் இரண்டு வருஷத்தில் பதினொன்றாகப் பெருகியிருந்தன.

ஒரு மழைக்காலம் முடிகிற சமயம், கறுப்புப் பெட்டை ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றது. தீனி போட்டால் வரவில்லை. பச்சையாகக் கழிந்தது. மூன்றாம் நாள் கால் மடங்கி விழுந்து செத்துப்போனது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு அதே மாதிரி விழுந்தன.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அவளும் கோழி வைத்திருந்தாள்.

“இது கழிசல்தான். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைச்சி உருட்டிப் போடு. நிக்கலன்னா சாவறதுக்குள்ள அறுத்துக் கொழம்பு வெச்சிடு.”

அரைத்தேன், வாயைப் பிளந்து உருட்டிப் போட்டேன். குழம்பு வைக்க மட்டும் மனம் வரவில்லை. மருந்து போட்டும் எதுவும் தேறவில்லை, இன்னொன்றும் போனது.

அன்று சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. கழிசல் வந்தால் தெருவையே துடைத்துக்கொண்டு போகும் என்பார்கள். எங்களுக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்த வேலி பாதி சரிந்து கிடந்தது. அவள் கோழிகளும் என் கோழிகளும் ஒரே குப்பைமேட்டைத்தான் கிளறின. அவள் வீட்டில் ஒரு குஞ்சுக்குக்கூட நோய் இல்லை.

என் வீட்டிலேயே ஒரு கோழி திடமாக இருந்தது. சமையலறை மூலையில் முட்டைமேல் உட்கார்ந்திருந்த அடைக்கோழி. தினமும் ஒரு தடவை இறங்கி, மற்ற கோழிகளுக்குப் போடும் அதே நொய்யைத் தின்று, கொட்டாங்கச்சியில் நான் வைக்கும் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும். தீனி ஒன்றுதான். தண்ணீர் வேறு.

கொல்லையில் இருந்த கோழிகள் குடித்தது ஒரு தொட்டியில். பட்டறையில் விளிம்பு உடைந்துவிட்டது என்று ஒதுக்கியதை அந்த மழைக்காலத்தில்தான் அவர் கழுவி எடுத்து வந்திருந்தார். காலையில் மிஞ்சிய புளித்த நீராகாரத்தை அதில்தான் ஊற்றுவேன். அக்கா வீட்டுக் கோழிகள் கிட்டே வந்தால் என் சேவல் விரட்டிவிடும்.

அப்படியும் எனக்கு நிச்சயமில்லை. துவண்டுபோயிருந்த மூன்று கோழிகளைப் பிடித்துப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து, கொட்டாங்கச்சியில் கிணற்றுத் தண்ணீர் வைத்தேன். நன்றாக இருந்த மூன்றைப் பழையபடி தொட்டியில் குடிக்க வெளியே விட்டேன். ஐந்தாறு நாளில், கூடைக்குள் இருந்ததில் ஒன்று எழுந்து நின்று நொய் பொறுக்கியது. வெளியே விட்டிருந்த செவலைப் பெட்டை விழுந்தது. தெரிந்துகொள்வதற்காக அதை விட்டுவைத்தேனே என்று இன்றைக்கும் உறுத்தல்தான்.

தொட்டியைக் கவிழ்த்து, உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது.

செத்த செவலையை ஒரு பையிலும் தொட்டியை ஒரு கூடையிலும் எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். டாக்டர் கோழியை அறுத்து, கல்லீரலைப் பார்த்தார், இரைப்பையைப் பிளந்தார். மணலோடு வெள்ளைத் துணுக்குகள் இருந்தன.

“இந்தத் தொட்டியில முன்ன இன்னாம்மா இருந்திச்சி?”

“கிளேஸு கரைச்ச தொட்டிங்க. பட்டறையில இருந்து வந்தது.”

“இதுல என்னா தண்ணி ஊத்தினீங்க?”

“நீராகாரம்ங்க. புளிச்சது.”

அவர் தொட்டியின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். “சில கிளேஸுல காரீயம் கலப்பாங்க. புளிப்பு பட்டா அது கரைஞ்சி வரும். இதுவாத்தான் இருக்கணும். செத்த கோழி எதையும் தின்னலையே?”

“இல்லீங்க. ஈயச் சொம்புல ரசம் வெக்கிறோமே, அந்த ஈயமுங்களா?”

“அது வெள்ளீயம். இது வேற, வெஷம்.” கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். “கிளேஸு கரைக்கிறது யாரு?”

“எங்க வூட்டுக்காரருதாங்க.”

“அவருக்கு வயித்துவலி எதுனா இருக்குதா?”

ஆறு மாதமாக அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். டீக்கடை போண்டாதான் காரணம் என்று நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர், “நான் மாட்டு டாக்டரும்மா. அவரை நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க. இன்னா வேலை செய்யறாருன்னு மொதல்ல சொல்லுங்க” என்றார்.

என் கணவர் லேசில் சம்மதிக்கவில்லை.

“கோழி குடிச்சிது, செத்திச்சி. நான் தொட்டித் தண்ணியா குடிக்கிறேன்?”

“குடிக்கல. கிளேஸு கையோட பீடி புடிக்கிறீங்க. அதே கையால சோத்துப் பொட்டணத்தப் பிரிக்கிறீங்க. சட்டையத் தட்டினா வெள்ளையா கொட்டுது.”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நக இடுக்கில் வெள்ளை இருந்தது. மறுநாள் வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஈறைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். காரீயம்தான் என்று சொல்லி, அந்த வேலையை உடனே விடச் சொன்னார்கள். பட்டறை முதலாளி நல்ல மனுஷர், அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. இவரை அச்சில் களிமண் வார்க்கும் பக்கம் மாற்றிவிட்டார். கிளேஸ் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு அண்டாத் தண்ணீரும் சோப்பும் வைத்தார். சாப்பாடு வேறு கொட்டகைக்குப் போனது. வலி ஒரே நாளில் போய்விடவில்லை. பொங்கலுக்குக் கொஞ்சம் தேவலை. சித்திரையில் ஸ்ரீமுஷ்ணம் தேருக்கு என்னோடு நடந்து வந்தார்.

கூடைக்குள் வைத்த மூன்றில் இரண்டு பிழைத்தன. அடைக்கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது.

அவர் வேலை மாறிய வாரமே எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அவருக்குக் கை உதவியாக அதே கிளேஸை வடிகட்டும் ஒரு பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்த விஷம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகுமே. ஆம்பளைகள் போய்ச் சொன்னால் வேலையைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைப்பாள். நானே அவள் வீட்டுக்குப் போனேன். கோழி செத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு உள்ளே போய், வேலைக்குக் கட்டும் புடவையைக் கொண்டுவந்து என்முன் உதறினாள். வெயிலில் தூசி பறந்தது.

“இதைக் கட்டிக்கினுதான் அக்கா பெரியவனைத் தூக்கிப் பால் குடுக்கிறேன்” என்றாள்.

மறுநாள் முதலாளியிடம் அவளும் நானும் சேர்ந்தே போய் நின்றோம். அவளைச் சூளையிலிருந்து ஆறி வருகிற சாமான்களை வைக்கோல் வைத்துக் கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். சித்திரையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது அது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அந்த அழுகையில் அவள் மாமியாருக்கு ஒரே சலிப்பு. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்போல இருந்தது.