பேந்து

நாக்கில் சனி உட்கார்ந்தால் வாடகைக்கு அறை கிடைக்குமா? ஆறாயியின் நாக்கில் அதைக் கொண்டுவந்து உட்காரவைத்தது வெள்ளவத்தைதான்.

மலைநாட்டில் நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பாவாடை சட்டையோடு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு இத்தனை காலமும் சமைத்துக் கொட்டினாள். அந்த வீட்டு அம்மாவுக்கு இவள் பேச்சுப் பிடிக்காது. "பொறகு" என்று வாய் திறந்தால் போதும், "தோட்டக்காட்டுக் கதையை விடு. பேந்து எண்டு சொல்லு!" என்று பாய்வார். சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஒட்டிவிட்டது.

இப்போது அவர்கள் கனடாவுக்குப் போகிறார்கள். ஃபிளாட்டை விற்றாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் ஆறாயி வெளியேற வேண்டும், நிறைமாத மகள் இராமலெட்சுமியோடு. மருமகன் வேலை செய்கிற ஒருகொடவத்தைக் கண்டெய்னர் யார்டிலேயே லொறிக்கடியில் படுத்துக்கொள்வான். பிள்ளைத்தாய்ச்சியை அங்கேயா படுக்கவைப்பது? பொலிஸில் பதிய ஒரு விலாசம் இல்லாவிட்டால் சுற்றிவளைப்பில் புலியென்று அள்ளிக்கொண்டு போவார்கள். வயிற்றைப் பார்த்தா விடுவார்கள் பாவிகள்?

அந்த வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கிறவள் நான். மனம் கேட்காமல் கூட அலைந்தேன். பாமன்கடையில் வாடகையைக் கேட்டதுமே தலை சுற்றியது. கிராண்ட்பாஸில் கட்டுப்படியான ஓர் அறை இருந்தது. நாங்கள் போவதற்குள் வேறு யாரோ வந்துவிட்டார்கள். கடைசியில் கொட்டாஞ்சேனையில் என் பக்கத்து வீட்டு டோரினிடம் தாயையும் மகளையும் கூட்டிப்போனேன்.

வாசலிலேயே டோரின் சொல்லிவிட்டாள். "கொன்ஸ்ரன்ஸ், குண்டு வெடிச்ச நாள்ல இருந்து யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு நான் ரூம் குடுக்கிறதில்ல. பொலிஸ் வந்தா நான்தான் பதில் சொல்லணும்."

"நாங்க தோட்டத்து ஆளுங்க நோனா," என்று ஆறாயி அடையாள அட்டையை நீட்டினாள்.

டோரின் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொன்ன வாடகையும் இவர்களால் கட்டக்கூடியதுதான். உள்ளே போய்ச் சாவியையும் எடுத்து வந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"சாமான் எப்ப கொண்டு வர்றீங்க?"

"மொதல்ல புள்ளய உக்கார வச்சிர்றேன் நோனா. சாமான் பேந்து..."

சாவி நீட்டிய கை பின்னால் போனது. "பேந்தா? தோட்டத்துல எவ பேந்துன்னு சொல்றா?"

"ஐயோ நோனா, வேல செஞ்ச வூட்டுல பழகுன பேச்சு! மாரியாத்தா மேல சத்தியமா நான் நோர்வூட்டுக்காரி. மாசமா இருக்கிற புள்ளய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?" ஆறாயி விழுந்து டோரினின் காலைப் பிடித்துக்கொண்டாள். அத்தனையும் அசல் மலைநாட்டுப் பேச்சு. ஒரு சொல் பிசகவில்லை.

"சல்லி குடுத்தா கார்டும் எடுக்கலாம். இந்தப் பேச்சும் பழகலாம்," என்றாள் டோரின். காலை உதறிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

வந்த ஆத்திரத்தில் கேற்றை ஓர் உதை உதைத்தேன். என் கால் வலித்ததுதான் மிச்சம்.

தெருவில் இராமலெட்சுமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இனி எங்கம்மா போறது?"

ஆறாயி வாயைத் திறந்தாள். எந்தச் சொல் வந்து விழுமோ என்ற பயத்தில் மூடிக்கொண்டாள்.